மந்திரியின் கடைசி வசனம்

சைனிக்புரி, ஹைதராபாத்

அன்புள்ள புஷ்பாவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே காலையில் குளிர ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தில் நாடகம் போட்டோம். சந்தேகத்தால் ராணியைக் கொன்றுவிட்டுத் தானும் சாகிற ராஜாவின் கதை. "எதுக்கும் பதறாத ஆள் நீங்கதான் சார்" என்று சொல்லி எனக்கு மந்திரி வேடம் தந்தார்கள். காட்சிக்குக் காட்சி, "விசாரித்துவிட்டு முடிவெடுங்கள், மன்னா" என்பேன். ராஜா கேட்கவே மாட்டார்.

கடைசியில் எல்லோரும் செத்துக் கிடக்க, நான் மட்டும் நின்று, "இந்த அரண்மனையில் இனி யாரோடு பேசுவேன்?" என்று கேட்க வேண்டும். வார்த்தை வரவில்லை. ராணியாகச் செத்துக் கிடந்த மஹதி கண்ணைத் திறக்காமலே, "யாரோடு பேசுவேன்... சொல்லுங்க சார்" என்று முணுமுணுத்தாள். அப்படியும் நான் நின்றுகொண்டே இருந்தேன். திரையை இழுத்துவிட்டார்கள். நடிப்பென்று நினைத்து ஒரே கைதட்டல். சிரிக்காதே.

வசனம் மறக்கவில்லை, புஷ்பா. சொன்னால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. மற்றபடி சௌக்கியம்தான், கவலைப்படாதே.

ரசப்பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பு. இன்னொன்று. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சமைக்கும்போது, எனக்கு போன் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிடு. பேச நேரமில்லாவிட்டால் பரவாயில்லை, நீ பாட்டுக்கு வேலையைப் பார். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உன்
பக்தவத்சலம்