நம் மகளிடம் நான் சொன்ன பொய்

என் அன்புக்குரிய பவித்ரா அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களை ‘ஏங்க’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது அப்படி எழுதினால் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று மனம் ஏமாந்துபோகிறது. அதனால் ஊரார் சொல்கிற மாதிரி எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. நாலு பேருக்குப் பயந்துதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மில்லில் மல்லாட்டை உடைக்கும் மெஷினில் உங்கள் வலது கை சிக்கியபோது பவித்ராவுக்கு ஐந்து வயது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பிறகு என் ஊரான அடி அண்ணாமலைக்கே வந்து, கிரிவலப் பாதையில் கடை போட்டோம். கற்பூரம், நெய் விளக்கு, தண்ணீர் பாட்டில்.

லுங்கியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையாலேயே கட்டப் பழகினீர்கள். தீப்பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக் குச்சி கிழித்தீர்கள். ஊனமுற்றோர் அட்டை வாங்க வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனபோது, “கைநாட்டு வெச்சாலே போதுங்க” என்றார் அங்கிருந்தவர். “இல்ல சார், எழுதறேன்” என்று கோணல்மாணலாக உங்கள் பெயரை எழுதினீர்கள். அதற்காக ஒரு மாதம் பழைய பேப்பரில் எழுதிப் பார்த்தது எனக்குத் தெரியும்.

இடது கைக்குச் சோப்புப் போடுவதுதான் பெரும்பாடு. சோப்புத் தடவிய துண்டைத் துவைக்கிற கல்லில் விரித்து, அதன்மேல் கையைத் தேய்த்துக்கொள்வீர்கள். நகம் வெட்டுவது மட்டும் உங்களால் முடியவே இல்லை. அதைப் பவித்ரா எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவள் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள்.

ஒரு பௌர்ணமியன்று கற்பூரப் பொட்டலத்தை நீங்கள் நீட்ட, ஒரு அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அந்தக் கையால வேணாம்ப்பா. சாமிக்கு ஏத்தறது.”

நீங்கள் முகம் கோணவில்லை. பொட்டலத்தைப் பலகைமேல் வைத்து, “எடுத்துக்கங்கம்மா” என்றீர்கள். நான்தான் ஓடிவந்து அதை எடுத்து என் வலது கையால் கொடுத்து, “தப்பா நினைச்சுக்காதீங்கம்மா” என்றேன். எதற்கு மன்னிப்புக் கேட்டேன்? உங்களுக்குக் கை இல்லாததற்கா? அன்றிலிருந்து விற்பது என் வேலையாகிவிட்டது. நீங்கள் உள்ளே உட்கார்ந்து பெட்டி பிரிக்க ஆரம்பித்தீர்கள். வேண்டாம் என்றது ஒரே ஒருத்தி. அதற்கு முன் உங்கள் கையால் வாங்கிப்போனவர்களை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

பவித்ரா கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில் மாப்பிள்ளையின் அத்தை என்னிடம் கேட்டார்.

“பொண்ண யாருங்க தாரை வாக்கறது?”

உங்கள் கையை மனதில் வைத்துத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “அவரோட அண்ணன்தாங்க” என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். “சரி, அண்ணனே செய்யட்டும்” என்றீர்கள்.

பவித்ரா என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள். “ஏம்மா அப்பா செய்யல?”

“அவரே வேணான்னுட்டாரும்மா. எல்லாரும் கையப் பாப்பாங்கன்னு கூச்சப்படறாரு.”

“எனக்காகக் கூடவா?” என்றாள்.

முகூர்த்தத்தில் உங்கள் அண்ணனும் அண்ணியும் மணையில் உட்கார்ந்தார்கள். நீங்கள் மேடைக்குக் கீழே, நான் வாங்கித் தந்த முழுக்கைச் சட்டையில், சுவரோரமாக நின்றீர்கள். இடது கையால் நீங்கள் வீசிய அட்சதை மேடை வரை போகவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் தலையில் விழுந்தது.

தலை தீபாவளிக்கு அவள் வந்தபோது நகவெட்டியை எடுத்துக்கொண்டு அவளிடம் போனீர்கள். “அம்மாகிட்ட குடுங்கப்பா” என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். நீங்களும் என்னிடம் தரவில்லை. மறுநாள் கொல்லைச் சுவரில் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இல்லை, மண்டபத்தில் நான் அவளிடம் சொன்ன பொய் உங்கள் காதிலும் விழுந்திருந்ததா? விழுந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தீர்களா?

அடுத்த ஆவணியில் ஒரு காலைப்பொழுது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

போன பௌர்ணமிக்கு மாப்பிள்ளையின் அத்தை கிரிவலம் வந்தார். கடையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பேச்சுவாக்கில், “அன்னிக்கு அவரே தாரை வாத்திருக்கலாம், பாவம்” என்றார்.

“நீங்க கேட்டீங்களேன்னுதான்...” என்று இழுத்தேன்.

“அய்ய, யாருக்கு மணை போடறதுன்னு ஐயர் கேட்டாரும்மா. அதுக்குத்தான் உன்னக் கேட்டேன்.”

அவ்வளவுதானா? ஒரு மணைப் பலகைக்காகக் கேட்ட கேள்விக்கா உங்களைக் கீழே நிறுத்தினேன்?

இரண்டு நாள் கழித்து வேங்கிக்காலில் பவித்ரா வீட்டுக்குப் போனேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்ப அப்பா கூச்சப்படலியா?”

“இல்ல.”

“கேட்டிருந்தா செஞ்சிருப்பாரா?”

“செஞ்சிருப்பாரு.”

அழுவாள், சண்டை போடுவாள் என்று நினைத்தேன். “அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாமேம்மா” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளைதான் பஸ் ஏற்றிவிட்டார். இன்றுவரை அவளிடமிருந்து போன் இல்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. உங்களோடு முகம்கொடுத்துப் பேசாமல் அவள் இருந்த நாள்கள் அத்தனையும் என்னால் வந்தவைதானே?

உங்கள் முதல் வருஷத் திதிக்குப் படம் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறேன். கடை வாசலில் நீங்கள் அரைக்கைச் சட்டையில் நிற்கும் படம். “தோள் வரைக்கும் வெட்டிக்கலாமாம்மா?” என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். “வேணாங்க, முழுசா போடுங்க” என்றேன்.

பவித்ரா வருவாளோ மாட்டாளோ தெரியாது. வந்தால் முதல் மாலையை அவள்தான் போடுவாள். அன்றைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும், உங்கள் அண்ணனிடமும், உங்களை மேடை ஏறவிடாதது நான்தான் என்று என் வாயாலேயே சொல்வேன். சொல்லிவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொள்கிறேன்.

உங்கள் மனைவி,
மல்லிகா