ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்

மங்கல் ஆண்டு 9, மார்கழி 3. காலை. விக்கிரவாண்டி

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் வெப்பவியலில் முனைவர். சூரியன் மங்கியபின் சென்னைப் போக்குவரத்துப் பிரிவில் ஓட்டுநர். என் ஆய்வறிக்கைகளைக் கிடப்பில் போட்டு அப்படி ஆக்கியவர் பிரிவுத் தலைவர் மாசிலாமணி. நாளை நாற்பது வண்டிகளில் குடும்பங்கள் திருச்சி நிலவெப்பக் காப்பகத்துக்குக் கிளம்புகின்றன. முன்னால் போய்ப் பாதை பார்ப்பது என் வேலை. கிழட்டு ஜீப். வெளியே மைனஸ் 38. ஆயில் அழுத்தம் சரி.

முற்பகல். உளுந்தூர்பேட்டை சுங்கச்சாவடி

வெப்பமானி முள் சிவப்பில். இந்தக் குளிரிலும் எஞ்சின் கொதிக்கிறது. அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் சுடுகிறது, ரேடியேட்டரின் அடிப்பாகம் பனிக்கட்டி. உள்ளே குளிரில் உறையாத கூலன்ட் இல்லை, வெறும் தண்ணீர். அது உறைந்து அடைத்துக்கொண்டதால் எஞ்சினின் சூடு வெளியேற வழியில்லை. தெர்மோஸ்டாட்டும் இல்லை. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு அது. வெயிலுக்குப் பயந்து நம் பட்டறைகளில் அதைக் கழற்றி எறிவார்கள். வெயில் போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

தண்ணீரை வடிக்க அடித்திருகைத் திறந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை.

நண்பகல். ரேடியோவில் மாசிலாமணி

“அட டாக்டரு! எங்கப்பா காலத்துலேர்ந்து தண்ணிதான்யா ஊத்துறோம். எந்த வண்டி செத்துச்சு?”

“அப்ப வெயில் அடிச்சுது சார். கூலன்ட் எங்க?”

“ஆபீஸ் ஜெனரேட்டருக்கு வேணாமா? நாப்பது வண்டிக்கும் இதேதான். பொலம்பாம ஓட்டு.”

“நாளைக்கு வண்டிங்கள நிறுத்துங்க சார். கொழந்தைங்க வராங்க.”

“ஒனக்கு எம்மேல காண்டு. ஊருக்கே தெரியும். வச்சிடுறேன்.”

பிற்பகல்

எஞ்சினுக்குள் ஒரு சத்தம், தேங்காய் உடைந்ததுபோல். உள்ளே தண்ணீர் உறைந்து விரிந்ததில் சிலிண்டர் பிளாக்கில் விரல் நுழையும் விரிசல். இனி இது வெறும் இரும்பு. மீட்பு வண்டி கேட்டேன். பதில் இல்லை. குளிர்காய ஜீப்பின் சீட்டை டீசலில் நனைத்து எரிக்கிறேன்.

இருட்டுகிறது

பேட்டரியில் ஒரு செய்திக்குத்தான் தெம்பு. மீட்பை மறுபடி கேட்கலாம். இல்லையென்றால் ஓட்டுநர்கள் எல்லோரும் படிக்கும் ரேடியோச் செய்திப் பலகையில் இரண்டு வரி போடலாம்:

‘கிளம்புமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். வெறும் தண்ணீர் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.’

மாசிலாமணி சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. என் காண்டு ஊருக்கே தெரியும். அடியில் என் பெயரைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஒருவனும் மூடியைத் திறக்கமாட்டான். பெயர் இல்லாவிட்டாலும் திறப்பார்களா, தெரியாது.

விரல் மடங்கவில்லை. பலகைக்கே அனுப்புகிறேன். பெயர் போடாமல்