எமோ என்ற என் அண்ணைக்கு

என் அன்பான ரொஷான் அண்ணைக்கு,

முதலில் மன்னியுங்கள். வீட்டுக்கு வந்தவர்களோடு நாலு வார்த்தை கதைக்கவே கூச்சப்படுகிறவள், எல்லோரும் வாசிக்கும்படி உங்களுக்கு எழுதுகிறேன். படகு கவிழ்ந்து உங்களைக் கடல் கொண்டுபோன பிறகு அச்சடித்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

மலரில் உங்களைப் பற்றி எழுதும் வேலை என்னிடம்தான் வந்தது. வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான்தானே. "குருநகர்க் கரையில் எல்லோரும் அவரை எமோ என்றுதான் கூப்பிட்டார்கள்" என்று தொடங்கினேன். பெரியப்பா வாசித்துவிட்டு அந்த வரியை வெட்டினார்.

"உதென்ன பிள்ளை, பட்டப்பேரெல்லாம்? கோயிலிலை குடுக்கிற புத்தகமெல்லோ?"

"அது ஒரு பாட்டு வகை, பெரியப்பா" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

என்ன சொல்லியிருக்கலாம்? மனதில் கிடப்பதை ஒளிக்காமல் கத்திப் பாடும் ரொக் பாட்டுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர் என்றா? அதைக் கேட்கிறவர்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது என்றா? எங்கள் கரையில் அதற்கு வேறு பொருள். கறுப்பு ரீசேட் போட்டவன் எமோ. ஒரு கண்ணை மறைத்து முடி விட்டவன் எமோ. "டேய் எமோ, அழுதது காணும், வலையை இழுடா!" என்று படகிலிருந்து கத்துவார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே இழுப்பீர்கள்.

ஒருநாள் நானும் கேட்டேன், எமோ என்றால் அழுகிற ஆட்களா என்று.

"இல்லையடி. அழ ஏலாத ஆக்கள். அதுதான் கத்துறம்."

பிறகு உங்கள் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினீர்கள். "நீதானே கம்பஸ்காரி. இவன் என்ன சொல்லுறான் எண்டு சொல்லு பாப்பம்." எனக்கும் விளங்கவில்லை. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தப் பாட்டு எது, அண்ணை? உங்கள் போனும் கடலோடு போய்விட்டது. இணையத்தில் தேடித் தேடிக் கேட்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரித்தான் கத்துகிறார்கள்.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அப்பா தொழிலுக்குப் போவதில்லை. செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், இப்போது இறங்குதுறையில் நின்று கடலைப் பார்த்துக் கத்துகிறார். அவரை யாரும் எமோ என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லையே கரையில் கைவிட்டுவிட்டார்கள்.

வீட்டில் மாட்டியிருக்கும் உங்கள் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்ரூடியோக்காரர் செத்தவர்கள் எல்லோருக்கும் செய்வதுபோல, கணினியில் உங்களுக்கும் கோட்டும் கழுத்தில் ரையும் போட்டுவிட்டார். முடியை மேலே சீவியிருக்கிறார். முடிக்குள் மறைந்திருந்த கண்ணுக்கு எங்கே போவது? மற்றக் கண்ணையே திருப்பி ஒட்டியிருக்கிறார். அம்மா அந்தப் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, "இப்பத்தான் என்ரை பிள்ளை வடிவாயிருக்கிறான்" என்கிறார். கொஞ்சக் காலத்தில் அந்த முகந்தான் அம்மாவின் ஞாபகத்தில் இருக்கும். எனக்கும் அப்படியே ஆகிவிடுமோ?

இனி யாராவது எமோ என்றால் என்னவென்று கேட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டேன். உங்களைச் சொல்வேன். இது சத்தியம். ஆனால் கேட்பதற்கு இங்கே யாரும் இருப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லை.

இவ்வளவு நேரமும் கேட்கத் தயங்கியது ஒன்று இருக்கிறது. நீங்கள் கனவிலாவது வர வேண்டுமென்று அம்மா ஒவ்வொரு நாளும் செபிக்கிறார். வருவதென்றால், முடியைச் சீவாமல் வாருங்கள், அண்ணை.

இப்படிக்கு,
எமோவின் தங்கச்சி