செம்பருத்திக்குக் குழி தோண்ட வேண்டாம்

லோடு இறக்கிவிட்டு விடிகாலையில் வந்த கணவன் கௌதமன் உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனமில்லாமல் சௌந்தர்யா காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்.

'ஏனுங்க, அரிசிம்பருப்புச் சோறு குக்கர்ல இருக்குது. காம்பவுண்டு ஓரமாச் செம்பருத்திக்குக் குழி தோண்டாதீங்க. அங்க மண்ணுக்கடியில நம்ம போர் மோட்டாருக்குக் கேபிள் போகுதுன்னு பக்கத்து ஊட்டு உங்க மணியண்ணன் தடுத்தப்ப நான் நம்பலை. எங்கண்ணன் எதுக்குப் பொய் சொல்லப்போறாருன்னு நீங்க நேத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க.

காலையில கையாலயே மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். அவர் சொன்ன கேபிள் நெசமாவே இருக்குதுங்க. ஆனா கூடவே இன்னொண்ணும் இருக்குது. நம்ம மீட்டர் பெட்டிப் பக்கமிருந்து வந்து, சுவத்துக்கடியில அவர் ஊட்டுக்குள்ள நுழையுது. அதுல தோல் பிஞ்சு கம்பி தெரியுது. அந்தப் பக்கமே போகாதீங்க. மெயினை அணைச்சுட்டு, லைன்மேனைக் கூட்டிட்டு வாரேன்.'

எழுதி முடித்ததும் வெளியே போய் மெயினை அணைத்தாள். பக்கத்து வீட்டில் மணியன் ஓட்டிக்கொண்டிருந்த தறியும் அந்த நிமிஷமே நின்றது.

சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது. "ஏம்மிணி, கரண்டு போயிருச்சா?"

"எங்க ஊட்டு மெயினைத்தானுங்க மாமா அணைச்சேன். உங்களுக்கு எப்படிப் போச்சு?"

அவர் தலை சட்டென்று சுவருக்குக் கீழே இறங்கிக்கொண்டது.

சௌந்தர்யா உள்ளே திரும்பி, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

'உங்கண்ணன் வந்து மெயினைப் போடச் சொன்னா, நான் வந்து சேர்ற வரைக்கும் போட்டுறாதீங்க. ஃபேன் ஓடாம வேர்த்துச்சுன்னா என்னைத் திட்டிக்குங்க.'