கம்பெனிக்கு ஒரு பெயர்

அன்புள்ள அம்மா,

அப்பா தூங்கிவிட்டார். விடிந்ததும், நீ வேலை பார்க்கும் தைவானுக்குத் திரும்பும் கசினா அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புவேன்.

சாயங்காலம் நம் தாங்கெராங் ஷூ கம்பெனி வாசல் வரை நடந்தேன். பூட்டு துருப்பிடித்திருக்கிறது. வறுத்த தோஃபு விற்பவர்கூட இல்லை. அங்கேதான் எல்லாரும் "வார்சி, உம் பொண்ணு வந்துட்டா" என்பார்கள். சின்ன வயதில் ஒருநாள், உனக்கு ஏன் பெரியம்மா பெயர் என்று கேட்டேன். "பதினஞ்சு வயசுல அவ அடையாள அட்டையக் காட்டித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பேரு கம்பெனிக்கு, என் பேரு உனக்கு" என்று பசை மணக்கும் கையால் என் கன்னத்தைக் கிள்ளினாய்.

அன்று உன் சொந்த ஊரான பிரெபெஸில் வேலை இல்லாமல் நீ இங்கே வந்தாய். இப்போது அங்கே கூலி குறைவென்று கம்பெனியே அங்கே போய்விட்டது. உன் வயதுக்காரர்களை எடுப்பதில்லை. என்னை எடுப்பார்களாம். பள்ளியை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். என்னைவிட மூத்தவளான மாமா மகள் தஸ்மியின் அட்டையை அப்பா வாங்கி வைத்திருக்கிறார்.

"பேருதான்டி வேற. கூப்பிட்டா திரும்பணும், முழிக்கக் கூடாது" என்று பழக்குகிறார். இன்று சாப்பிடும்போது, "தஸ்மி, தண்ணி" என்றார். யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன், அம்மா.

ஞாயிறுக்குள் அப்பாவிடம் பேசு. திங்கட்கிழமை வகுப்பில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். நான் அங்கே இருக்க வேண்டும்.

நீ பெயர் வைத்த மகள்