55 இன்ச் தெளிவு

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து சாரல். கடைக்கு வந்தது நாலு பேர், அதில் மூணு பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். ஊரே குற்றாலத்தில் குளிக்கிறது, டிவி யாருக்கு வேண்டும்.

4கே டிவி பன்னிரண்டில் போனது ரெண்டே ரெண்டு. மிச்சம் பத்தும் பெட்டி பிரிக்காமல் என் நாற்காலிக்குப் பின்னால். துபாயில் எல்லார் வீட்டிலும் இதுதான், தென்காசிக்கும் வந்துவிடும் என்று அங்கிருந்தே ஆர்டர் போட வைத்த மகராசன் என் வீட்டுக்காரர். வரும், வரும். பழைய டிவி புகைந்து அணைகிற அன்றைக்கு வரும். ஓடுகிற டிவியை நம் ஜனம் மாற்றுமா?

சாரலுக்கு வந்துடுவேன் என்றார். இதுவரை பேச்சே இல்லை.

ஜூலை 4, வெள்ளி

லேசான வெயில். கரண்ட் பில் கட்டணும். மறந்தாச்சு.

ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வாராவாரம் அனுப்புகிற போட்டோ வந்தது. வழக்கம்போல வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக. தெளிவு குறையக் கூடாதாம். அந்த ஊர் வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பட்டன் வரை போட்டு. யாருக்குக் காட்டவோ. கூடவே ஒரு வரி: லீவு கிடைக்கலை, அடுத்த மாசம் பார்ப்போம். போன வருஷமும் இதே வரி. எரிச்சல். போட்டோவைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. பதிலும் போடவில்லை. போடப் போவதும் இல்லை.

ஜூலை 7, திங்கள்

விற்ற ரெண்டில் ஒன்றுக்குப் புகார். ஆலங்குளம் அண்ணாச்சி. படம் கலங்கல், பழைய டிவியே தேவலையாம்.

மெக்கானிக் முருகன் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டான். திரையில் கம்பெனி ஒட்டின பிளாஸ்டிக் தாளை உரிக்கவே இல்லை. டிவி அழுக்காகிவிடுமாம். அந்தத் தாள் மேலேயே நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். உரிக்கப் போனால் பொட்டை அழிக்காதலே என்று சத்தம். போதாததுக்குப் பழைய கேபிள் பெட்டி. 4கே எங்கிருந்து வரும், என் தலையிலிருந்தா?

துபாயிலிருந்து ஒன்றும் இல்லை. நல்லது.

ஜூலை 8, செவ்வாய்

விட்டு விட்டுச் சாரல். அண்ணாச்சி டிவிக்குப் போர்வை சுற்றி, லோடு ஆட்டோவில் கடைக்கே வந்துவிட்டார். மாற்றித் தரணுமாம். தாளை உரித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். டெமோ போட்டேன். கிளி, பூ, அருவி. மனுஷர் அசையவில்லை. கம்பெனிக்காரன் எடுத்தது நல்லாத்தான் இருக்கும், வீட்டுப் படம் எதையாவது காட்டு என்றார். ஆத்திரத்தில் என் போனைச் சொருகி, முதலில் கிடைத்ததைப் போட்டேன். வெள்ளிக்கிழமை போட்டோ.

55 இன்ச்சில் என் வீட்டுக்காரர். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அண்ணாச்சி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"படம் நல்லாத்தாம்மா தெரியுது. சட்டைக் கைக்குள்ள வெள்ளையா என்னது? ஆஸ்பத்திரில பேரெழுதிக் கட்டுவாங்கல்லா, அந்தப் பட்டையா?"

பட்டன் இடுக்கில் அவர் பெயரின் கடைசி மூணு எழுத்து. படிக்க முடிந்தது.

டிவியைப் பற்றி அண்ணாச்சி அப்புறம் பேசவே இல்லை. "மொதல்ல போனைப் போடும்மா" என்றார்.

போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். நாலு நாளாக நான் பதில் போடவில்லை.