எஸ்தர் அக்கா வராத ஆராதனை

ஞாயிறு, இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. இன்று எஸ்தர் அக்கா எங்கள் சித்தூர் சபைக்கு வரவில்லை, காய்ச்சல். காது கேளாத மகள் பிரேமா மட்டும் கங்காதர நெல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். பாட்டையும் பிரசங்கத்தையும் அக்காதான் எப்போதும் அவளுக்குக் கைச்சைகையில் சொல்வாள்.

அக்கா சபையில் சைகை காட்டத் தொடங்கிய புதிதில் பெரியவர் ஒருவர், "எல்லாரும் உன்னியே பாத்துக்கினு கீறாங்க, பின்னாடி போம்மா" என்றார். அக்கா பின்னால் போனாள், ஆனால் கையை நிறுத்தவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தே நாங்களும் கற்றுக்கொண்டோம்.

இன்று பாட்டு தொடங்கியதும் முன்வரிசைப் பெண்கள் பிரேமா பக்கம் திரும்பிக் கைகளால் பாடினார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். கடைசியில் அந்தப் பெரியவரும். பிரேமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுந்து முன்னால் போய் நின்று எங்கள் தப்புகளைத் திருத்தினாள்.

சாயங்காலம் அக்காவைப் பார்க்கப் போனேன்.

"பொண்ணுக்கு யார் சொன்னது?"

"எல்லாருந்தான்க்கா."

"அந்தப் பெரியவருமா?"

"அவர் கைதான் ரொம்பத் தப்பு."

அக்கா சிரிக்க ஆரம்பித்துப் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். போர்வை வெகுநேரம் குலுங்கியது. அவள் காலைப் பிடித்துவிட்டபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.